சூரியனை வடிகட்டிய கதை

நம் கல்லூரியில் இயற்பியலை முதன்மைப் பாடமாகவோ துணைப் பாடமாகவோ எடுத்துப் படித்த யாரும் அந்த இருட்டறையை மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு, ஒரு நகரும் நுண்ணோக்கி, கண்ணாடித் தட்டின்மேல் ஒரு குவிலென்ஸ். அதில் தெரியும் நியூட்டன் வளையங்களை எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போயிருக்கும். "இது பத்தாவதா, பதினொண்ணாவதா?" என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டால் அவரும் தன் கணக்கை மறந்துவிடுவார். மார்க்குக்காக எண்ணிய வளையங்கள் அவை. படிப்பு முடிந்ததும் அவற்றால் நமக்கு என்ன பயன் என்று நினைத்தவர்களே அதிகம்.

ஆனால் அந்த வளையங்களை உண்டாக்கும் அதே குறுக்கீட்டு விளைவுதான் இன்று ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும், கண்ணாடி இழையில் போகும் தொலைபேசிப் பேச்சிலும், விண்வெளியில் சூரியனைப் படம் எடுக்கும் கருவியிலும் வேலை செய்து கொண்டிருக்கிறது. அந்த வேலைக்காரரின் பெயர் குறுகிய பட்டை ஒளிவடிகட்டி. நம்ம பேச்சு வழக்கில் சொன்னால் 'நேரோ பேண்ட் ஃபில்டர்'. வெள்ளை ஒளியிலிருந்து ஒரு நிறத்தின் ஒரு கீற்றை மட்டும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் வெளியே நிறுத்தும் ஒரு சின்னக் கண்ணாடி வில்லை. பார்ப்பதற்கு ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன் கதை ஒன்றரை நூற்றாண்டு நீளமானது. அதில் ஒரு பகுதி நம் சென்னை மாகாணத்திலேயே நடந்தது.

குண்டூரில் ஒரு காலை

1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18. முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து ஜூல்ஸ் ஜான்சென் என்ற விஞ்ஞானி கப்பல் ஏறி வந்து, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் கருவிகளை நிறுத்தியிருந்தார். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பாளர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியன் மறைந்ததும் அதன் விளிம்பில் சிவப்புச் சுடர்கள் நாக்கை நீட்டின. நிறமாலைமானியில் பார்த்தபோது அந்தச் சுடர்களின் ஒளி வானவில்லாக விரியாமல் சில பளிச்சென்ற கோடுகளாக மட்டும் நின்றது. சுடர்கள் சூடான வாயுக்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஜான்சென் அத்தோடு விடவில்லை. 'கோடுகள் இவ்வளவு பிரகாசமாக இருந்தால் கிரகணம் இல்லாதபோதும் தெரிய வேண்டுமே' என்று யோசித்தார். மறுநாள் காலையில் முழு வெயிலில் கருவியைச் சூரியனின் விளிம்புக்குத் திருப்பினார். கோடுகள் தெரிந்தன! அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்தார். சோடியத்தின் மஞ்சள் கோட்டருகே இருந்த, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடுதான் பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்றது.

இதில் உள்ள தந்திரத்தை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வானத்தின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் உண்டு. அதை நிறமாலையாக விரித்தால் அந்த வெளிச்சம் நீளமாகப் பரவி மங்கிவிடும். சுடரின் ஒளியோ ஒரே அலைநீளத்தில் இருப்பதால் எவ்வளவு விரித்தாலும் அது கோடாகவே நிற்கும். ஆகவே விரிக்க விரிக்கப் பின்னணி குறையும், கோடு குறையாது. கூட்டத்தின் இரைச்சலில் ஒரு குரல் கேட்கவில்லை என்றால் அந்தக் குரலை உயர்த்த வேண்டும் என்பதில்லை, இரைச்சலை அடக்கினாலும் போதும். குறுகிய பட்டை வடிகட்டியின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். உள்ளே விடுவதைவிட வெளியே நிறுத்துவதுதான் அதன் பெரிய வேலை.

கொடைக்கானல் மலையில்

ஜான்சென் பார்த்தது கோட்டை. முழுப் படத்தை எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவில் ஜார்ஜ் எல்லரி ஹேலும் பிரான்சில் ஆன்ரி டெலாண்டரும் 1890களின் தொடக்கத்தில் தனித்தனியே ஒரு வழி கண்டார்கள். சூரிய பிம்பத்தின் ஒரு மெல்லிய கீற்றை முதல் பிளவு எடுக்கும். கருவி அதை நிறமாலையாக விரிக்கும். இரண்டாவது பிளவு அந்த நிறமாலையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் புகைப்படத் தகட்டுக்கு விடும். சூரியனின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இப்படி இழுத்துக்கொண்டு போனால், அந்த ஒரு நிறத்தில் மட்டும் எடுத்த முழுச் சூரியப் படம் கிடைத்துவிடும். இதற்கு 'ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப்' என்று பெயர். இது வில்லை வடிவத்தில் இல்லாத ஒரு வடிகட்டி என்றே சொல்லலாம்.

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, பின் அரசு வானியலாளரான சார்லஸ் மிக்கி ஸ்மித் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானார். கல்லூரி வாத்தியார் ஒருவர் தொடங்கிவைத்த பணி என்பதில் நமக்கெல்லாம் ஒரு தனி மகிழ்ச்சி!

1904இல் கால்சியம் வாயு உமிழும் ஊதா நிற 'கே' கோட்டில் (393.37 நானோமீட்டர்) படம் எடுக்கும் கருவி அங்கே வந்து சேர்ந்தது. 1907இல் வந்த ஜான் எவர்ஷெட் அதை மேம்படுத்தினார். சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை அவர் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு 'ஹெச்-ஆல்ஃபா' கோட்டிலும் (656.28 நானோமீட்டர்) படங்கள் எடுத்தார்கள். கால்சியம் படங்களில் இரண்டாவது பிளவு அனுமதித்த பட்டையின் அகலம் 0.05 நானோமீட்டர். பழைய மாணவர்கள் மொழியில் அரை ஆங்ஸ்ட்ராம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் கடைசியில் திரும்ப வரும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பிளவு ஓரத்திலிருந்து ஓரம் போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் சூரியனில் ஒரு வெடிப்பு கிளம்பி அடங்கியும் விடலாம். படத்தின் இடது பக்கம் ஒரு நேரம், வலது பக்கம் வேறு நேரம். முழு வட்டத்தையும் ஒரே கணத்தில் ஒரே நிறத்தில் பார்க்க வேண்டும் என்றால் பிளவு உதவாது. நிஜமான வடிகட்டிதான் வேண்டும்.

லியோவின் படிகங்கள்

வண்ணக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். சிவப்புக் கண்ணாடி ஐம்பது நூறு நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை அள்ளி உள்ளே விடும். நமக்கு வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாக்கைச் சல்லடையாக வைத்துக்கொண்டு மாவு சலிக்க முடியுமா?

இதற்கு விடை தந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி பெர்னார் லியோ. கிரகணம் இல்லாமலே சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கும் கொரோனாகிராஃபைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1933இல் அவர் வெளியிட்ட யோசனை, நாம் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் படித்த இரட்டை ஒளிவிலகல்தான். இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே கால்சைட் அல்லது குவார்ட்ஸ் படிகத் தட்டை வைத்தால், படிகத்துக்குள் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் சென்று, வெளியே வரும்போது ஒன்றோடொன்று குறுக்கிடும். சில அலைநீளங்கள் முழுதாக வெளிவரும், சில முழுதாக அணைந்துவிடும். நிறமாலை முழுக்க ஒளியும் இருளும் மாறி மாறி, சீப்பின் பற்கள் போல நிற்கும்.

அடுத்து இரு மடங்கு தடிமனுள்ள தட்டைச் சேர்த்தால் பற்கள் இரு மடங்கு நெருக்கமாகும். இரண்டாவது தட்டின் பற்களில் ஒன்றுவிட்டு ஒன்றை முதல் தட்டு அணைத்துவிடும். மூன்றாவது தட்டு நான்கு மடங்கு, நான்காவது எட்டு மடங்கு. ஒவ்வொரு தட்டும் பட்டையின் அகலத்தைப் பாதியாக்கிக்கொண்டே போகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெச்-ஆல்ஃபாவில் 0.05 நானோமீட்டர் வேண்டுமென்றால் கடைசிக் கால்சைட் தட்டு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன் இருக்க வேண்டும். ஆறு தட்டுகள் என்றால் முதல் தட்டு 0.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது விட்டுவைக்கும் பற்கள் ஒன்றுக்கொன்று மூன்றரை நானோமீட்டர் தள்ளி நிற்கும். அவற்றில் நமக்கு வேண்டிய ஒன்றைத் தவிர மற்றவற்றை மறைக்க முன்னால் இன்னொரு சாதாரண வடிகட்டி வேண்டும்.

ஸ்வீடனில் இங்வே ஓமன் இதே எண்ணத்தைத் தாமாகவே அடைந்து 1938இல் ஒன்றைச் செய்து காட்டினார். லியோவும் தம் வடிகட்டியை முடித்தார். 1952இல் சூடானில் கிரகணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், எகிப்தில் ரயிலிலேயே மாரடைப்பால் லியோ காலமானார். அவர் பெயர் வடிகட்டியில் நிலைத்துவிட்டது.

இதற்கும் விலை உண்டு. முதல் போலராய்டிலேயே பாதி ஒளி போய்விடும். வெப்பம் மாறினால் படிகத்தின் ஒளிவிலகல் எண் மாறும், பட்டை கோட்டைவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே கருவி முழுவதையும் ஒரு சிறு அடுப்புப் பெட்டியில் வைத்து, ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாறுதலுக்குள் காக்க வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலத்தான்.

நியூட்டன் வளையத்தின் பேரப்பிள்ளைகள்

இன்னொரு கிளைக்கதை பிரான்சின் மார்செயில் நகரத்தில் தொடங்குகிறது. சார்ல் ஃபேப்ரியும் ஆல்ஃபிரெட் பெரோவும் 1890களின் இறுதியில், பாதிக்கும் மேல் எதிரொளிக்குமாறு வெள்ளி பூசிய இரண்டு சமதளக் கண்ணாடிகளை இணையாக நிறுத்தினார்கள். நியூட்டன் வளையத்தில் லென்ஸுக்கும் தட்டுக்கும் இடையே காற்றுப்படலம் இருக்கிறதல்லவா, அதேதான். ஒரு வித்தியாசம்: இங்கே ஒளி இரண்டு சுவர்களுக்கும் இடையே பல முறை போய்த் திரும்புகிறது. இடைவெளியில் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் பொருந்தும் ஒளி மட்டும் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்து வெளிவரும். மற்றவை தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு அழிந்துவிடும். எத்தனை முறை போய்த் திரும்புகிறதோ அந்த அளவுக்குப் பட்டை கூர்மையாகும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 0.2 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருந்தால், ஹெச்-ஆல்ஃபா அருகில் பற்கள் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தள்ளித்தள்ளி நிற்கும். பல்லின் அகலம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்கு என்றால் 0.05 நானோமீட்டர் கிடைத்துவிடும். இந்த இருபதைத்தான் 'ஃபினஸ்' என்பார்கள். இடைவெளியையும் அகலத்தையும் இணைக்கும் எண் இது. அது கூடக் கூடக் கண்ணாடிப் பரப்பு அவ்வளவு சமமாக இருக்க வேண்டும்.

இதே அமைப்பைச் சின்னதாக்கி, காற்று இடைவெளிக்குப் பதில் ஒரு மெல்லிய படலத்தையே கண்ணாடியின்மேல் பூசிவிட்டால்? 1939இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஷாட் கண்ணாடி நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் கெஃப்கென் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெற்றிடப் பெட்டிக்குள் பொருளை ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவைக்கும் முறை. வெள்ளிப் படலத்துக்குப் பதிலாக, ஒளிவிலகல் எண் கூடிய பொருள் ஒன்று, குறைந்த பொருள் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கும் வழக்கம் பிறகு வந்தது. ஒவ்வொரு படலமும் கால் அலைநீளத் தடிமன். டைட்டானியம் டை ஆக்சைடு என்றால் ஹெச்-ஆல்ஃபாவுக்கு 70 நானோமீட்டர் அளவு, சிலிக்கா என்றால் 110 அளவு. அப்படிப் பல பத்துப் படலங்கள் சேர்ந்து இரண்டு சுவர்களாகும். நடுவில் அரை அலைநீளத்தின் மடங்கில் ஓர் 'அறை'. ஒரே அறை என்றால் பட்டை ஊசிக் கோபுரம் போல இருக்கும், அடிப்பாகம் அகலமாகப் பரவும். இரண்டு மூன்று அறைகளை அடுக்கினால் மேல்பக்கம் தட்டையாகவும் ஓரங்கள் செங்குத்தாகவும் ஒரு பெட்டி போல ஆகிவிடும்.

வானியலுக்காகப் பிறந்த இந்தக் குடும்பம் பின்னர் ஊரெல்லாம் வேலைக்குப் போனது. நம்ம ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் உள்ள அனலைசரைத் திறந்தால் 340, 405, 505, 546 என்று எண் போட்ட வில்லைகள் ஒரு சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும். சர்க்கரை அளவு பார்ப்பதற்கு 505. 1990களில் கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பு பெருகியபோது, ஒரே இழையில் பல அலைநீளங்களை அனுப்பிப் பிரித்தெடுக்க 0.8 நானோமீட்டர் இடைவெளியில் வேலை செய்யும் வடிகட்டிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. பூச்சுத் தொழில்நுட்பம் அப்போதுதான் பெரிய பாய்ச்சல் கண்டது. 2020இல் கொரோனாவுக்காக நாம் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு நின்றோமே, அந்தப் பி.சி.ஆர். கருவிகளிலும் சாயத்தின் ஒளிர்வைத் தூண்டும் ஒளியிலிருந்து பிரித்துக் காட்டுவதில் இத்தகைய வில்லைகளுக்குப் பங்கு உண்டு.

பெட்டியின்மேல் எழுதிய எண்கள்

இப்போது படிக்கும் மாணவர்களுக்காக இந்தப் பகுதி. ஆய்வகத்துக்கு ஒரு வடிகட்டி வாங்கினால் கூடவே ஒரு தாள் வரும். அதில் உள்ள எண்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் எண் மைய அலைநீளம். பட்டையின் நடுப்பகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. அடுத்தது பட்டை அகலம். உச்சத்தில் பாதி ஒளி வரும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரம் அது. நம் சோடியம் விளக்கின் இரு கோடுகள் 589.0, 589.6. பத்து நானோமீட்டர் அகல வடிகட்டி இரண்டையும் ஒன்றாகவே விட்டுவிடும். பிரிக்க வேண்டுமென்றால் அரை நானோமீட்டருக்கும் கீழே போக வேண்டும். சூரியனில் 0.05 நானோமீட்டர் என்பது வேகக் கணக்கில், டாப்ளர் விளைவின்படி நொடிக்கு 23 கிலோமீட்டர். அதைவிட வேகமாக நம்மை நோக்கி வரும் வாயு, அந்த அகலமுள்ள பட்டையின் நடுவிலிருந்து விலகி மறைந்துவிடும். அப்போது பட்டையைக் கொஞ்சம் நகர்த்தித் தேட வேண்டும்.

மூன்றாவது உச்ச ஊடுருவல், அதாவது வேண்டிய ஒளியில் எத்தனை சதவீதம் வெளிவருகிறது என்பது. இதைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். நான்காவதுதான் உண்மையில் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது: தடுப்பு. வேண்டாத ஒளியை எவ்வளவு நிறுத்துகிறது என்பதை ஒளி அடர்த்தி எண்ணால் சொல்வார்கள். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கசியும், 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு.

பத்தாயிரத்தில் ஒன்றுதானே, போனால் போகிறது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பட்டை 0.05 நானோமீட்டர், உச்ச ஊடுருவல் 20 சதவீதம். பெருக்கினால் வேண்டிய ஒளி 0.01. கேமரா 400 முதல் 1000 நானோமீட்டர்வரை, அதாவது 600 நானோமீட்டர் அகலத்துக்குப் பார்க்கிறது. அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கசிந்தால் 0.06. எல்லா நிறமும் சம அளவு என்று வைத்துக்கொண்டாலும், வேண்டியதைப்போல ஆறு மடங்கு வேண்டாதது! போதாததற்கு ஹெச்-ஆல்ஃபா, சூரிய நிறமாலையில் ஓர் இருட்டுக் கோடு. அதன் நடுவில் அக்கம்பக்கத்து வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் உண்டு. ஆக ஆறு மடங்கு முப்பத்தாறு மடங்காகிவிடும். வாசல் கதவை எவ்வளவு ஒடுக்கமாக வைத்தாலும் கொல்லைக் கதவு திறந்திருந்தால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் குறுகிய வடிகட்டிகள் தனியாக வருவதில்லை, தடுப்பு வடிகட்டிகளோடு ஒரு குடும்பமாகவே வரும்.

ஐந்தாவது கோணம். படல வடிகட்டியில் ஒளி சாய்வாக விழுந்தால் பட்டை எப்போதும் குறைந்த அலைநீளப் பக்கமே, அதாவது நீலப் பக்கமே நகரும். படலத்தின் சராசரி ஒளிவிலகல் எண் 2 என்று கொண்டால், ஹெச்-ஆல்ஃபாவில் 5 டிகிரி சாய்வுக்கு 0.6 நானோமீட்டர், 10 டிகிரிக்கு 2.5 நானோமீட்டர். பத்து நானோமீட்டர் அகல வடிகட்டிக்கு இது பெரிய விஷயமில்லை. 0.05 அகலத்துக்கோ ஒன்றரை டிகிரிச் சாய்வே பட்டையை அதன் முழு அகலத்துக்கும் நகர்த்திவிடும். ஆகவேதான் இவ்வகைச் சூரிய வடிகட்டிகளை வைக்கும் இடத்தில் ஒளிக்கற்றை கிட்டத்தட்ட இணையாக இருக்க வேண்டும் என்பார்கள். குவியத் தொலைவு, துவாரத்தைப்போல முப்பது மடங்கு இருந்தால் கற்றையின் ஓரக்கதிர் ஒரு டிகிரிக்குள் அடங்கும். இந்த விதியை மறந்து குட்டையான தொலைநோக்கியில் பொருத்தினால், விலை கொடுத்து வாங்கிய குறுகல் வீணாகிவிடும்.

ஆறாவது வெப்பமும் வயதும். பழைய வகைப் படலங்கள் டிகிரிக்கு 0.02 நானோமீட்டர் அளவில் நகரக்கூடியவை. கொடைக்கானலுக்கும் சென்னைக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்றால் 0.4 நானோமீட்டர். அவற்றில் நுண்துளைகள் உண்டு. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றை அவை மெல்ல உறிஞ்சும், பட்டை இடம் மாறும், ஓரத்திலிருந்து புள்ளி புள்ளியாகப் பூச்சு கெடும். பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஒரு வில்லை கெட்டால், கருவி நின்றுவிடாது. எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும், எண்தான் தப்பாக இருக்கும். அயனிகளால் இறுக்கிப் படியவைக்கும் புதிய பூச்சுகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் காலாகாலத்தில் தெரிந்த திரவத்தை வைத்துச் சரிபார்ப்பது பரிசோதனைக்கூடத் தொழிலில் உள்ள நம் நண்பர்களின் கடமை.

நூறு ஆண்டுப் பதிவில் ஒரு ஒட்டு

இனி, மனதில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருவோம். கொடைக்கானலில் 1904இல் தொடங்கிய கால்சியம் 'கே' படங்கள் 2007வரை அதே முறையில் தொடர்ந்தன. உலகத்தில் இவ்வளவு நீண்ட பதிவு உள்ள இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகப் போர்கள் வந்தன, ஆட்சி மாறியது, இயக்குநர்கள் மாறினார்கள். வெயில் தெரிந்த நாளெல்லாம் யாரோ ஒருவர் மலைக்காற்றில் நின்று தகடு மாற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தகடுகள் இன்று கணினிக்குள் ஏற்றப்பட்டு, ஒரு நூற்றாண்டில் சூரியனின் செயல்பாடு எப்படி ஏறி இறங்கியது என்று படிக்க உலகெங்கும் பயன்படுகின்றன.

2008இல் அங்கே இரட்டைத் தொலைநோக்கி வேலைக்கு வந்தது. அதில் கால்சியம் படத்தைப் பிளவு எடுப்பதில்லை, வடிகட்டி எடுக்கிறது. ஒரே கணத்தில் முழுச் சூரியன், டிஜிட்டல் கேமரா. எல்லாம் வசதிதான். ஆனால் அந்த வடிகட்டியின் அகலம் 0.12 நானோமீட்டர். பழைய பிளவு 0.05. இரண்டும் பெயரளவில் ஒரே கோட்டின் படங்கள். ஆனால் அகலமான பட்டை கோட்டின் நடுவோடு அதன் தோள்களையும் சேர்த்து அள்ளுகிறது. தோள்களிலிருந்து வரும் ஒளி சூரியனின் இன்னும் கீழ் அடுக்கிலிருந்து வருவது. ஆகவே புதிய படத்தில் பிரகாசத் திட்டுகளின் பளிச்சிடுதல் சற்று மங்கலாகத் தெரியும்.

விவரம் தெரியாத ஒருவர் இரண்டையும் அப்படியே ஒட்டி வரைபடம் போட்டால், 2008இல் சூரியனே மாறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்! மாறியது சூரியன் இல்லை, சல்லடை. இதற்காகவே ஆய்வாளர்கள் இரண்டு வகைப் படங்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர மெனக்கெடுகிறார்கள். ஒரு தாளில் உள்ள ஒரு தசம எண், நூறு ஆண்டு உழைப்புக்குப் பொருள் சொல்லும் சாவியாக இருக்கிறது. தகட்டின் ஓரத்தில் தேதி, நேரம், கருவி விவரம் எழுதிவைத்த அந்தக்கால உதவியாளர்களுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்!

இந்த வரிசையில் அடுத்த படி விண்வெளி. 2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6ஆம் தேதி தன் இடத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள 'சூட்' தொலைநோக்கியில் 11 வடிகட்டிகள். அவற்றில் 8 குறுகியவை. ஒன்று 'கே' கோட்டின் ஜோடியான கால்சியம் 'ஹெச்' கோட்டுக்கானது. குண்டூரில் ஜான்சென் தேடிய அதே தந்திரம், பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில்.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை

ஒன்று, எச்சரிக்கை. இணையக் கடைகளில் நெபுலாக்களைப் படம் எடுக்க 'ஹெச்-ஆல்ஃபா' என்று எழுதிய 7 நானோமீட்டர் வடிகட்டி கிடைக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்து அதைத் தொலைநோக்கியில் மாட்டிச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். கண் போனால் வராது. சூரியனுக்கான வடிகட்டி, முன்பக்கத்திலேயே வெப்பத்தையும் அகச்சிவப்பையும் நிறுத்தும் பாதுகாப்போடு முழு அமைப்பாகவே வரும். அதை மட்டும், தெரிந்தவர் மேற்பார்வையில் பயன்படுத்துங்கள்.

இரண்டு, வேண்டுகோள். ஆய்வகத்தில் நீங்கள் எடுக்கும் எந்த அளவீடாக இருந்தாலும், எந்த வடிகட்டி, என்ன அகலம், என்ன வெப்பநிலை என்று ரெக்கார்டு நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். மார்க்குக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். உங்களுக்குப் பிறகு அந்த எண்ணை எடுத்துப் பார்ப்பவருக்கு, மாறியது பொருளா, பார்த்த சல்லடையா என்று தெரிவது அந்த ஒரு வரியால்தான்.